கரண்ட் இல்லாத ஊருக்குக் கேமராவோடு போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், இமாச்சலப் பிரதேசத்தின் பனிமலைப் பள்ளத்தாக்கான ஸ்பிட்டிக்குப் போன பயணம் பற்றி எழுதியதிலிருந்து வருகிற கடிதங்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைத்தான் கேட்கின்றன. கரண்ட் வருமா வராதா என்றே தெரியாத இடத்தில் கேமராவை எப்படி நாள் முழுக்க ஓட்டுவது? ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: பிப்ரவரியில் பனிச்சிறுத்தை பார்க்க ஸ்பிட்டியில் கிப்பர் கிராமத்துக்குப் போகிறேன். குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். சோனி ஏ7 மூன்றாம் மாடல் வைத்திருக்கிறேன், பேட்டரி இரண்டு. போதுமா? (கோவை வாசகர்)

போதாது. குறைந்தது நான்கு வேண்டும், முடிந்தால் ஐந்து.

கிப்பர் ஏறத்தாழ 14,000 அடி உயரத்தில் இருக்கிறது. பிப்ரவரி இரவுகளில் மைனஸ் 20 டிகிரி என்பது அங்கே அதிசயம் இல்லை. லித்தியம் அயான் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் அந்தக் குளிரில் மந்தமாகிவிடும், அயனிகள் நகர்வது மெதுவாகும், உள்தடை கூடும், கேமரா கேட்கிற வேகத்துக்கு மின்சாரம் தர முடியாமல் வோல்டேஜ் விழும். கேமரா அதைப் பார்த்து பேட்டரி காலி என்று முடிவு செய்து அணைந்துவிடும். உண்மையில் சார்ஜ் எங்கும் போய்விடவில்லை, உள்ளேயேதான் இருக்கிறது.

முதல் தடவை போனபோது எனக்கு இது புத்தியில் உறைக்கவில்லை. 60 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த பேட்டரி காலை எட்டு மணிக்குத் திடீரென்று படுத்துவிட்டது. பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பையின் அடியில் போடப் போனேன். டெலஸ்கோப்பை வைத்து எதிர்மலையைத் துழாவிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டி அதை வாங்கி, ஸ்வெட்டருக்கும் உள்ளே, உள்பனியனோடு ஒட்டி வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து எடுத்துக் கொடுத்தபோது அந்தப் பேட்டரி கைக்குக் கதகதப்பாக இருந்தது. கேமராவில் போட்டுப் பார்த்தால் 40 சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது. அன்றைக்கு மத்தியானம் வரை அதிலேயே எடுத்தேன்.

இதைத்தான் நீங்களும் செய்ய வேண்டும். ஒன்று கேமராவில், மற்றவை எல்லாம் உடம்போடு ஒட்டிய உள் பாக்கெட்டில். கேமராவில் இருப்பது சோர்ந்தால் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டுச் சூடாக இருப்பதைப் போடுங்கள், சோர்ந்தது திரும்பவும் எழுந்துகொள்ளும். ராத்திரி தூங்கும்போது எல்லாப் பேட்டரியும் ஒரு பழைய கம்பளி சாக்ஸுக்குள் போட்டு உங்களோடு ரஜாய்க்குள்ளே (பஞ்சுப் போர்வைக்குள்ளே) இருக்க வேண்டும். பவர் பேங்க்கும் அப்படித்தான், அதற்குள் இருப்பதும் அதே லித்தியம்தான்.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது. ஜில்லென்று இருக்கும் பேட்டரியை அப்படியே சார்ஜரில் மாட்டாதீர்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உள்ளே போய்ச் சேராமல் மின்முனையின் மேல் உலோகமாகப் படிந்துவிடும், அந்தச் சேதம் நிரந்தரம். குளிரில் சார்ஜ் இறங்கினால் திரும்பி வரும், இது திரும்பி வராது. வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு மணி நேரம் விட்டு, தொட்டால் அறையின் சூடு வந்த பிறகு மாட்டுங்கள். சீக்கிரம் ஆகட்டும் என்று விறகு அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பதும் தப்பு. கேமராவை மட்டும், வெளியே இருக்கும்போதே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி உள்ளே எடுத்து வாருங்கள். இல்லையென்றால் சூடான அறையின் ஈரம் முழுக்க லென்ஸ் மேலும் பேட்டரி முனைகள் மேலும் வியர்த்து நிற்கும்.

மணாலிப் பக்கமிருந்து வரும் குன்சும் கணவாய் குளிர்காலத்தில் மூடியிருக்கும், ஆகவே நீங்கள் சிம்லா, கின்னவுர் வழியாகத்தான் போவீர்கள். ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவில் தங்கும் முதல் ராத்திரியே எல்லாவற்றையும் முழுக்க ஏற்றிவிடுங்கள். கிப்பருக்கும் கரண்ட் கம்பி போகிறது, ஆனால் பெரிய பனி விழுந்தால் அது எப்போது திரும்பி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வருகிற நேரத்தில் நீங்கள் வெளியே மலைமேல் உட்கார்ந்திருப்பீர்கள். அதற்குத்தான் ஐந்து பேட்டரி.

கேள்வி: அக்டோபரில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் நடைப்பயணம், 12 நாள். கேமரா சோனி ஏ7 மூன்றாம் மாடல்தான், முழு ஃபிரேம் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத வகை). எத்தனை பேட்டரி, எவ்வளவு பெரிய பவர் பேங்க் என்று கணக்குப் போடுவது எப்படி? (சென்னை வாசகி)

எம்ஏஎச் (மில்லி ஆம்ப்-ஹவர்) கணக்கை விட்டுவிடுங்கள், வோல்டேஜ் மாறினால் அது குழப்பும். உள்ளே இருக்கும் மொத்த மின்சாரத்தைச் சொல்லும் வாட்-ஹவரில் போடுங்கள். எம்ஏஎச்சை வோல்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வாட்-ஹவர், அவ்வளவுதான். பெரும்பாலான பேட்டரிகளின் முதுகிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

உங்கள் என்பி-எஃப்இசட்100 பேட்டரி 7.2 வோல்ட், 2,280 எம்ஏஎச், அதாவது 16.4 வாட்-ஹவர். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது உள்ளே 3.7 வோல்ட், ஆக 74 வாட்-ஹவர். 74-ஐ 16.4-ஆல் வகுத்து நாலரை தடவை ஏற்றலாம் என்று நினைப்போம், அங்கேதான் ஏமாறுவோம். 3.7 வோல்டை 5 ஆகவோ 9 ஆகவோ ஏற்றுவதில் கொஞ்சம் சூடாகப் போய்விடும், பேட்டரிக்குள் இறக்குவதில் இன்னும் கொஞ்சம் போகும். அனுபவத்தில் மூன்று தடவை முழுதாக ஏறினால் திருப்தி. பவர் பேங்க்கின் பின்னால் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று வேறொரு சின்ன எண் போட்டிருக்கும் பாருங்கள், 20,000 என்று பெரிதாக எழுதியதற்குக் கீழே 12,000 சொச்சம் என்று. கணக்குக்கு அந்தச் சின்ன எண்ணைத்தான் எடுக்க வேண்டும், அது 5 வோல்ட் கணக்கு.

12 நாளும் ஒரு நாளைக்கு ஒரு பேட்டரி தீரும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேட்டரி முழுக்க ஏற்றி எடுத்துப் போகிறீர்கள். 20,000-த்தில் இரண்டு பவர் பேங்க், அதில் ஆறு. பத்து ஆயிற்று. மிச்சம் இரண்டும், அப்புறம் உங்கள் மொபைலும்தான் வழியில் ஏற்ற வேண்டியது. அதை நாம்சே பஜாரில் முடித்துக்கொள்ளுங்கள். அது 3,440 மீட்டர் உயரம், உடம்பைப் பழக்க எப்படியும் அங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்குவீர்கள், கரண்ட்டும் இருக்கும். மேலே போகப் போக ஒவ்வொரு சார்ஜுக்கும் காசு கேட்பார்கள், விலையும் உயரத்தோடு ஏறும். கடைசித் தங்குமிடமாக 5,164 மீட்டரில் இருக்கும் கோரக்‌ஷெப் போய்ச் சேரும்போது உங்களிடம் குறைந்தது இரண்டு முழுப் பேட்டரி இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஏறும் காலாபத்தர் மேட்டில் சாயங்கால வெயில் எவரெஸ்ட் மேல் செம்மண் நிறத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் பேட்டரியைத் தேடிப் பையைக் குடையக் கூடாது.

ஒன்று விட்டுப்போச்சு. உங்கள் கேமராவுக்கு ஒரு பேட்டரிக்கு என்று கம்பெனி சொல்லும் '710 படம்' என்பது ஒரு வகை சோதனை முறையில் வரும் எண். தொடர்ச்சியாகத் தட்டினால் அதைவிட நிறைய வரும், வீடியோ எடுத்தால் பேட்டரி சட்டென்று தீர்ந்துவிடும். கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வழக்கப்படி நாள் முழுக்க எடுத்து, எவ்வளவு தீர்ந்தது என்று பாருங்கள். அந்த எண்தான் உங்கள் எண்.

கேள்வி: அகஸ்தியர்கூடம் மூன்று நாள் நடைக்கு மடக்கும் சோலார் பேனல் வாங்கலாமா? பையின் முதுகில் தொங்கவிட்டுக்கொண்டே நடந்தால் சார்ஜ் ஏறிவிடும் என்கிறார்கள். (நாகர்கோவில் வாசகர்)

வேண்டாம். மூன்று நாளுக்கு இரண்டு பேட்டரி கூடுதலாக எடுத்துப் போனால் போதும், எடையும் பேனலைவிடக் குறைவு. போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் போகும் வழியில் பெரும்பகுதி மரத்தடியில்தான் நடப்பீர்கள். சோலார் பேனலில் செல்கள் வரிசையாகக் கோர்த்திருக்கும், ஒரு செல்மேல் இலை நிழல் விழுந்தால்கூட அந்த வரிசை முழுக்கச் சோர்ந்துவிடும். சோலைக்காட்டில் இலை நிழல் விழாத இடம் எங்கே?

பையில் தொங்கவிட்டு நடப்பது எந்த ஊரிலும் சரிவராது. சூரியனுக்கு நேராக இருந்தால்தான் பேனல் முழுவேகத்தில் தரும், நம் முதுகோ பாதை வளைகிற பக்கமெல்லாம் திரும்பும். 21 வாட் என்று விற்கும் பேனல், உச்சி வெயிலில் நேராகச் சாய்த்து வைத்தாலே 12, 14 வாட் தந்தால் பெரிது. 74 வாட்-ஹவர் பவர் பேங்க்கை நிரப்ப ஒரு முழு நாள் நல்ல வெயிலில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படி உட்காருகிற பயணம் என்றால் சோலார் அருமை. லடாக்கில் ஒரே கிராமத்தில் பத்து நாள் தங்குகிறவர்களுக்கு நான் தைரியமாகச் சொல்வேன். மேகம் குறைவு, காற்று சுத்தம், அதோடு சிலிக்கான் பேனலுக்குக் குளிர் நல்லது, சூடேறினால்தான் அதன் உற்பத்தி குறையும். ஆனால் பேனலிலிருந்து நேராகக் கேமராவுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு மேகம் கடந்து போனால் சார்ஜர் நின்றுவிடும், வெயில் திரும்பி வந்தாலும் சில சார்ஜர்கள் தாமாக மறுபடி தொடங்காது, சாயங்காலம் வந்து பார்த்தால் காலையில் இருந்த அளவிலேயே இருக்கும். பகலில் பேனலிலிருந்து பவர் பேங்க்குக்கு, ராத்திரி பவர் பேங்க்கிலிருந்து கேமராவுக்கு. பவர் பேங்க்கை வெயிலில் போடாமல் பேனலுக்கு அடியில், நிழலில் வையுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது கேனன் 1500டி. யூஎஸ்பி வயர் போட்டால் சார்ஜ் ஏறவில்லை. கேமரா கெட்டுப்போயிற்றா? (கரூர் கல்லூரி மாணவர்)

இல்லப்பா, கெடவில்லை. அந்த மாடலின் யூஎஸ்பி துளை படங்களைக் கணினிக்கு மாற்ற மட்டும்தான், சார்ஜ் அதில் ஏறாது. எல்பி-இ10 பேட்டரிக்கு யூஎஸ்பியில் ஓடும் வெளிச் சார்ஜர்கள் கிடைக்கின்றன, அதில் ஒன்று வாங்கிக்கொள். இந்தப் பேட்டரி 6.4 வாட்-ஹவர்தான் என்பதால் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றிலேயே நான்கு தடவை ஏற்றலாம். வியூஃபைண்டரில் கண் வைத்து எடுத்தால் ஒரு பேட்டரிக்கு 500 படம் என்பது கேனன் தரும் கணக்கு, பின்திரையைப் பார்த்து எடுத்தால் வெகுவாகக் குறையும். கரண்ட் இல்லாத ஊருக்குப் போக உன் கேமரா மாதிரி எளிமையானது உண்மையிலேயே நல்ல துணை. விலை கூடியதை வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை இருக்கிறது. கேனன் ஆர்5, ஆர்6 எல்லாம் யூஎஸ்பி-சி இருந்தும், பவர் டெலிவரி வசதி உள்ள சார்ஜரோ பவர் பேங்க்கோ இல்லையென்றால் ஏறாது, பழைய 5 வோல்ட் பவர் பேங்க்கை மாட்டிவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருந்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: கம்பெனி பேட்டரி விலை அதிகம். பாதிக்கும் குறைவான விலையில் வேறு கம்பெனி பேட்டரி கிடைக்கிறது, அதுவும் அதிக எம்ஏஎச். வாங்கலாமா? (திருச்சி வாசகர்)

பெயர் தெரிந்த, நாலு பேர் வருடக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்த மாற்றுக் கம்பெனிகள் உண்டு, அவை பரவாயில்லை. கம்பெனிக்காரன் 2,280 எம்ஏஎச் அடைத்த அதே அளவு டப்பாவில் இன்னொருவன் 3,000-க்கு மேல் அடைத்திருக்கிறேன் என்றால் நம்பாதீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு முறை அவசரத்தில் ஒரு கடையில் இரண்டு மலிவு பேட்டரி வாங்கிக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் ஒன்று கேமராவை விட்டு வெளியே வரவில்லை. மூடியைத் திறந்தால் பேட்டரியின் அடிப்பக்கம் லேசாக மேடு தட்டியிருந்தது, உப்பிப்போய்ப் பள்ளத்தில் இறுகிவிட்டது. கத்தி முனையால் நெம்பலாமா என்று கை போனது. நல்லவேளை செய்யவில்லை, லித்தியம் பேட்டரியில் கத்தி இறங்கினால் தீ பிடிக்கும். கேமராவை அணைத்து, மூடியைத் திறந்தே வைத்து, ஊர் திரும்பி சர்வீஸில் கொடுத்துத்தான் எடுத்தேன். ஏழு நாள் பயணத்தில் நாலு நாள் படமே இல்லை. ஆகவே சொல்கிறேன், மாற்றுப் பேட்டரி வாங்கினால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்னாடியே வாங்கி, நாலைந்து தடவை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு தடவையும் தட்டையான மேஜையில் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் உப்ப ஆரம்பித்துவிட்டது. அதைப் பேட்டரி திரும்ப வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள், குப்பைக்கூடையில் போடாதீர்கள்.

கேள்வி: கேமராவில் எதையெல்லாம் அணைத்து வைத்தால் பேட்டரி மிச்சமாகும்? (வேலூர் வாசகி)

முதலில் ஏர்பிளேன் மோட். வைஃபை, புளூடூத் இரண்டும் அதில் அடங்கிவிடும். சில கேமராக்களில் நீங்கள் சுவிட்சை அணைத்த பிறகும் புளூடூத் மொபைலைத் தேடிக்கொண்டே இருக்கும், காலையில் எடுத்துப் பார்த்தால் பேட்டரி குறைந்திருப்பதற்குப் பல பேருக்கு அதுதான் காரணம். அப்புறம் ஜிபிஎஸ், எடுத்தவுடன் படம் காட்டுவது, திரையின் வெளிச்சம், ட்ரைபாடில் இருக்கும்போது ஸ்டெபிலைசேஷன்.

ஆனால் மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அதில் எத்தனை படம் எடுத்தீர்கள் என்பதைவிட, கேமரா எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்பதுதான் பேட்டரியைத் தின்கிறது. சென்சாரும் வியூஃபைண்டர் திரையும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கழுத்தில் தொங்கும் கேமராவின் கண் உணரி உங்கள் சட்டையைக் கண் என்று நினைத்துத் திரையை எரியவிட்டுக்கொண்டிருக்கும். ஒரு விலங்குக்காக மணிக்கணக்கில் காத்திருக்கிறீர்கள் என்றால் சுவிட்சை அணைத்துவிட்டு பைனாகுலரில் பாருங்கள். அது அசைந்தால் சுவிட்சைப் போட ஒரு விநாடிதான்.

கேள்வி: பைக்கில் மணாலியிலிருந்து லே போகிறேன். பைக் பேட்டரியிலிருந்து கேமராவை சார்ஜ் செய்யலாமா? (திருப்பூர் வாசகர்)

கேமராவை வேண்டாம், பவர் பேங்க்கைச் செய்யுங்கள். வண்டி அதிர்வில் யூஎஸ்பி-சி முனை ஆடி ஆடித் தளர்ந்தால், பவர் பேங்க் போனால் ஆயிரம் இரண்டாயிரம், கேமராவின் துளை போனால் மதர்போர்டு. ஹேண்டில்பாரில் இருக்கும் சாதாரண யூஎஸ்பி துளை 10 வாட் அளவில்தான் தரும். காலையில் மாட்டினால் சாயங்காலம்தான் நிரம்பும், ஆனால் நீங்கள் எப்படியும் நாள் முழுக்க ஓட்டத்தானே போகிறீர்கள். வண்டி ஓடும்போது மட்டும் மாட்டுங்கள், இன்ஜினை அணைத்த பிறகு மாட்டி வைத்தால் காலையில் செல்ஃப் எடுக்காது. டேங்க் பையில் தண்ணீர் புகாத கவருக்குள் வையுங்கள், இந்த வழியில் ஓடை ரோட்டைக் கடந்து போகும் இடங்கள் உண்டு.

வழியில் தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்' என்று ஒரு பலகை இருக்கிறது. எல்லோரும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டு டேங்க்கையும் கேனையும் நிரப்புகிறார்கள். பேட்டரிக்கும் அதுவே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ராத்திரி தங்கும் சர்ச்சூ கூடாரங்களில் பெரும்பாலும் சாயங்காலம் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும், அவ்வளவுதான். அதில் சார்ஜ் போடுவதானால் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்து வெளிச்சம் நிதானமான பிறகு மாட்டி, அணைப்பதற்கு முன்னாலேயே கழற்றிவிடுங்கள், ஆரம்பத்திலும் முடிவிலும் வோல்டேஜ் துள்ளும்.

கேள்வி: லடாக்கில் ஹான்லேயில் ராத்திரி முழுக்க நட்சத்திரச் சுவடு (நட்சத்திரங்கள் நகர்வது கோடாக விழும் படம்) எடுக்க ஆசை. ஒரு பேட்டரி மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. நடுவில் மாற்றினால் கேமரா அசைந்துவிடுமே? (புதுச்சேரி வாசகர்)

இதற்கு டம்மி பேட்டரிதான் வழி. பேட்டரி உருவத்தில் ஒரு கட்டை, அதிலிருந்து ஒரு வயர் வெளியே வரும். உங்கள் கேமராவுக்கான மாடலைப் பார்த்து வாங்க வேண்டும். பவர் பேங்க் 5 வோல்ட், கேமரா பேட்டரி 7 வோல்டுக்கு மேல். அந்த வித்தியாசத்தை ஏற்றித் தரும் சுற்று வயரிலேயே இருக்கிற வகையாக வாங்குங்கள். சோனி ஏ7 மூன்றாம் மாடல் மாதிரி சில கேமராக்களில் டம்மியே தேவையில்லை, உள்ளே பேட்டரியை வைத்துக்கொண்டே யூஎஸ்பி வழியாகக் கேமராவை ஓட்டலாம். மெனுவில் யூஎஸ்பி பவர் சப்ளையை ஆன் செய்தால் போதும்.

வீட்டு மொட்டை மாடியில் ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். சில பவர் பேங்க்குகள் இழுக்கிற மின்சாரம் ரொம்பக் குறைவாக இருந்தால், எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துத் தாமே அணைந்துவிடும். ஹான்லே 4,500 மீட்டர் உயரம், அங்கே பவர் பேங்க்கையும் கம்பளித் துணியில் சுற்றி ட்ரைபாட் நடுவில் கட்டித் தொங்கவிடுங்கள், வயரை ட்ரைபாட் காலில் ஒரு டேப் போட்டு இறுக்கிவிட்டால் காற்றில் ஆடாது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்குப் பெரிய விஷயம். ஹான்லே 2022-ல் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஜன்னல்களில் கறுப்புத் திரை போட்டு வெளிச்சத்தை அடக்குகிறார்கள். பவர் பேங்க்கில் நீல விளக்கு நாலு எரியும், இருட்டில் அது டார்ச் மாதிரி தெரியும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அதன்மேல் ஒட்டிவிட்டுப் போங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் கர்நாடகத்தில் ஆகும்பேயில் தவளை படம் எடுக்கப் போகிறோம். ஃபிளாஷுக்கு எந்த ஏஏ பேட்டரி? (சேலம் வாசகர்)

ரீசார்ஜ் செய்கிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதிலும் எனலூப் மாதிரி சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்காத வகை. கடையில் வாங்கும் ஆல்கலைனில் பத்து இருபது தடவை ஃபிளாஷ் அடித்த பிறகு அடுத்த வெளிச்சத்துக்கு எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும், தவளை அதற்குள் தாவிவிடும். ஃபிளாஷ் சட்டென்று நிறைய மின்சாரம் இழுக்கும், ஆல்கலைனின் உள்தடை அதற்கு இடம் கொடுக்காது. நாலு நாலாகச் செட் பிரித்து, டப்பாவில் எண் போட்டு, ஒரு செட்டை இன்னொன்றோடு கலக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நாலில் ஒன்று சோர்ந்தால் மற்ற மூன்றும் அதை இழுத்துக்கொண்டு ஓடும். மழையில் கரண்ட் போவதும் அங்கே சகஜம், ஆளுக்கு மூன்று செட் எடுத்துப் போங்கள். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று.

கேள்வி: இவ்வளவு பேட்டரியை விமானத்தில் விடுவார்களா? (மதுரை வாசகி)

விடுவார்கள், கைப்பையில் இருந்தால். செக்-இன் பெட்டியில் உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்க்கும் கூடவே கூடாது. ஒவ்வொன்றும் 100 வாட்-ஹவர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதுவும் இரண்டுதான், அதற்கு மேல் கிடையாது. கேமரா பேட்டரி பெரும்பாலும் 16, 17 தாண்டாது. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74, பிரச்சினை இல்லை. 30,000 வாங்கினால் 111, ஒப்புதல் வேண்டும், ஆகவே பெரிதாக ஒன்று வாங்குவதற்குப் பதில் நடுத்தரமாக இரண்டு. அளவு எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் பறித்துக்கொள்ளக்கூடும்.

2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் தீப்பிடித்ததும், பவர் பேங்க்கிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று விசாரணையில் சொல்லப்பட்டதும் நினைவிருக்கும். அதற்கப்புறம் கெடுபிடி கூடியிருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்து விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது, எமிரேட்ஸ் 2025 அக்டோபரிலிருந்து ஆளுக்கு ஒன்றுதான் என்கிறது. டிக்கெட் போட்ட நிறுவனத்தின் விதியை ஒரு தடவை படித்துவிடுங்கள். உதிரிப் பேட்டரிகளின் உலோக முனைகளில் டேப் ஒட்டுங்கள், அல்லது தனித்தனி பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். சாவிக்கொத்தும் சில்லறையும் இருக்கும் பாக்கெட்டில் வெறும் பேட்டரியைப் போடவே கூடாது.

கேள்வி: ரயிலில் போகும்போதே எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளலாமா? (விருதுநகர் வாசகர்)

பகலில் ஏற்றுங்கள். பல ரயில்களில் இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் பாயின்ட்டை அணைத்துவிடுகிறார்கள், அதை நம்பித் தூங்கிவிடாதீர்கள்.

கேள்வி: மலை கிராமத்தில் தங்கிய வீட்டில் கேமரா சார்ஜ் போடத் தனியாகக் காசு வாங்கினார்கள். தங்குவதற்கே பணம் கொடுத்திருக்கிறோமே, இது நியாயமா? (சென்னை வாசகர்)

முழுக்க நியாயம். உங்களுக்குக் கோபம் வந்தது புரிகிறது, ஆனால் அந்த வீட்டுக்காரர் பக்கம் நின்று ஒரு தடவை பாருங்கள். கூரைமேல் ஒரு பேனல், கீழே ஒரு பேட்டரி, அதைக் கோவேறு கழுதையிலோ ஆள் முதுகிலோதான் மேலே கொண்டுவந்திருப்பார்கள். சில வருடத்தில் அது செத்தால் புதிதாக ஒன்று வாங்கி மறுபடியும் அதே மாதிரி ஏற்ற வேண்டும். அதில் ராத்திரிக்கு இரண்டு மூன்று பல்பு எரியும், ஒரு மொபைல் ஏறும், அவர்கள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

லடாக்கில் அப்படி ஒரு வீட்டில் நாங்கள் ஐந்து பேர் தங்கினோம். வந்து சேர்ந்த சாயங்காலமே யாரும் கேட்காமல் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கேமரா, லேப்டாப், ட்ரோன் என்று பதினொரு சார்ஜர் மாட்டினோம். எட்டு மணிக்கு வீடே இருட்டாகிவிட்டது. அந்த வீட்டுப் பெண் குழந்தை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தப் பிள்ளை புத்தகத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு படித்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து நான் போகிற நாளுக்கு வேண்டியதை முழுக்கக் கையில் கொண்டுபோகிறேன். எப்போதாவது அவர்களிடம் ஏற்ற வேண்டியிருந்தால் முதலில் கேட்கிறேன், மத்தியானம் வெயில் நன்றாக இருக்கும்போது, அவர்கள் பேட்டரி நிரம்பி மிச்சம் போகும் நேரத்தில் போட்டுக்கொள்கிறேன், லேப்டாப் எடுத்துப் போவதில்லை. அவர்கள் கேட்ட காசைக் கொடுக்கிறேன். கேட்காவிட்டாலும் கொடுக்கிறேன்.